அத்தனை அம்பும் பிச்சையம்மாள் மேல்

1993-இல் ராஜபாளையத்து நூல் மில் ஒன்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அதற்கு ஏசி அறையும் கட்டி, கிருபாபாயையும் வேலைக்கு வைத்தது. மரியாதையெல்லாம் அறைக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் அவளை 'ஏட்டி' என்றே கூப்பிட்டார்கள்.

பெண்களுக்கு ஷிப்ட் பட்டியல் போடும் புரோகிராம்தான் அவளுக்கு முதல் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான அவள், எழுத உட்காருமுன் ஒவ்வொருவராகப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டாள்: உங்களுக்கு என்ன வேணும்? அது நடக்க யாரை நம்பியிருக்கீங்க? ஒரு தாளில் ஆளுக்கொரு வட்டம் போட்டு, நம்புகிறவரிடமிருந்து நம்பப்படுகிறவருக்கு அம்பு வரைந்தாள்.

முதலாளி ராஜரத்தினத்துக்கு மெஷின் நிற்கக்கூடாது. அதற்கு அவர் நம்பியது சூப்பர்வைசர் சங்கரலிங்கத்தை. சங்கரலிங்கத்துக்கு யாரும் தன்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. மகாராஜபுரத்து வேலுத்தாய்க்கு இரண்டாம் ஷிப்ட் ஆகாது, கடைசி பஸ் போய்விடும்.

"பொறவு என்ன செய்வீங்க?"

"பிச்சக்கா மாத்தி விட்டுருவாவ."

கேட்ட பெண்களெல்லாம் இதையே சொன்னார்கள். பிச்சையம்மாள் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் வேலை பார்ப்பவள். பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், யாருக்குப் பதில் யார் வருவது என்று குழாயடியிலேயே பேசி முடித்துவிடுவாள். சங்கரலிங்கம் ஒட்டும் பட்டியலை யாரும் பார்ப்பதே இல்லை.

அவர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏட்டி, அம்புட்டு அம்பும் அவ மேலயா பாயுது?"

"உங்க அம்பும்தான் சார்."

"அவளுக்கு என்ன போஸ்ட்டு இருக்கு? வட்டத்த அழி. இனிமே மாத்துற சோலியே கெடையாது, கம்ப்யூட்டர் போட்டதுதான்."

கிருபாபாய் நல்ல பிள்ளையாகப் பென்சில் வட்டத்தை அழித்தாள். அழிக்குமுன் ஒரு நகல் எடுத்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பதினாலு மெஷின் நின்றது. பட்டியலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுருச்சு," என்றார் சங்கரலிங்கம்.

"அதுக்குப் புரட்டாசி தெரியாது சார். பிச்சக்காவுக்குத் தெரியும்," என்று அவள் நகலை முதலாளி முன் விரித்தாள். அவர் தன் வட்டத்தில் விரலை வைத்து, அம்பு போன வழியே நகர்த்திக்கொண்டு போய்ப் பிச்சையம்மாளிடம் நின்றார். "போய்க் கேட்டுட்டு வாம்மா," என்றார்.

பிச்சையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லார்ட்டயும் என்ன வேணும்னு கேட்ட. என்ட்ட கேட்டியாட்டி?"

கிருபாபாய்க்குச் சுருக்கென்றது. அந்த வட்டத்துக்குள் வந்த அம்புகள்தான் உண்டு. அதிலிருந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை.

"இப்பக் கேக்கேன் அக்கா, சொல்லுங்க."

"பட்டியல் போட முன்னாடி சூப்பர்வைசர் குழாயடிக்கு வரணும். வந்து, எல்லார் முன்னாலயும் கேக்கணும். அம்புட்டுதான்."

வெள்ளிக்கிழமை சங்கரலிங்கம் தாளோடு குழாயடியில் வந்து நின்றார்.

"செத்த பொறுங்க, கொடம் நெறையட்டும்," என்றாள் பிச்சையம்மாள்.

கிருபாபாய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த மில்லில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அன்றைக்குப் பிறகு எழுதிய புரோகிராம் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வியைக் குழாயடியில்தான் கேட்டாள். சங்கரலிங்கமோ, குழாயடி யோசனை தன்னுடையது என்றே ரிட்டயர் ஆகும்வரை சொல்லித் திரிந்தார்.