பெயர் எழுதத் தேவையில்லாத போராங்

போராங் நிரப்புவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து, நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படிவம் நீட்டுகிறவள் நான். கட்டத்துக்கு வெளியே எழுதினால் முறைப்பேன். அப்படிப்பட்ட நானே ஒரு போராங்கில் போய் மாட்டிக்கொண்டேன் என்றால் என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது.

என் கணவர் ராணுவத்தில் கோப்ரல். பென்ஷனுக்கு இன்னும் பதினொரு மாதம்தான் பாக்கி. அதற்குள் மனநிலை சரியில்லை என்று எதையாவது எழுதி, இடையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அப்படி யாரையாவது அனுப்பினார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனைவிமார் கூடும் இடத்தில் அப்படிப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். தெரியாத விஷயத்துக்குப் பயப்படுவதில் எனக்கு நிகர் நானே.

ஒரு சனிக்கிழமை கேம்ப் மண்டபத்துக்கு எங்களை வரச் சொன்னார்கள். ராணுவத்தினரும் அவர்களுடைய குடும்பங்களும் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். புந்தோங்கிலிருந்து கிளம்பிய என் மோட்டார் சைக்கிள் வழியில் பங்க்சர். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி போராங் முடிந்திருந்தது.

முடிந்திருந்தது என்றால், முன்வரிசையில் சார்ஜண்டின் மனைவி முதலில் நிரப்பிவிட்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அதையே குறித்தார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கணவன்மார் சேர்ந்து அடியெடுத்து வைக்கும் இடத்தில் மனைவி மட்டும் தனியாகக் காலை வைப்பாளா? எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. தலைக்கு மேலே காற்றாடி போட்ட சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் உண்மையைக் குறித்தேன்.

கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று மேலே ஒரு வரி. பெயர் எழுதத் தேவையில்லை, யார் எழுதியது என்று எங்களுக்கே தெரியாது என்று ஆராய்ச்சிக்கு வந்த பெண் இரண்டு முறை சொன்னாள். நான் மலாயில் தொடங்கினேன். வேலையிடத்தில் அருவியாகக் கொட்டும் மலாய் அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை. அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்.

என் கணவர் சபா மாநிலத்தில் காவல் பணி முடிந்து வந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. வாசலைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் போர்வை போர்த்தப் போன என் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். கண் அயர்ந்திருந்த நேரம், அவருக்கு அது தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுதான் எழுதினேன். சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவிடம்கூட அந்தக் குளியலறைக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அம்மா அதை நம்பி எண்ணெய் காய்ச்சி அனுப்பினார். போராங்கை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மோட்டார் நிறுத்திய இடம்வரைதான் அந்த நிம்மதி. ஹெல்மெட்டை மாட்டும்போதுதான் உறைத்தது. என் கணவரின் படைப்பிரிவில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

பெயர் எழுதாவிட்டால் என்ன? தமிழில் எழுதியதே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியதற்குச் சமம். திரும்பி ஓடினேன். அவர்களுடைய வேன் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. போராங்கோடு கொடுத்த தாளிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். யாரோ ஒரு மலாய்ப் பையன் எடுத்து, எல்லாம் பத்திரமாக இருக்கிறது அக்கா என்றான். பத்திரமாக இருப்பதுதானே என் பிரச்சினை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கணவர் சீருடைக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா, என் மூஞ்சியில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்றார் ஒருநாள்.

"ஒண்ணும் இல்ல லா, சும்மாதான்" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. எனக்கு அன்று விடுமுறை, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு வந்து உட்காரச் சொன்னார்.

"யூனிவர்சிட்டியில இருந்து ஆபீசுக்கு அனுப்பியிருக்காங்க. ஒரே ஒரு பக்கம் தமிழ்ல இருக்காம், அவங்ககிட்ட படிக்க ஆளில்லையாம். பேரு இல்லாத தாளுதானே, பரவால்லன்னு நெனச்சிட்டாங்க போல. இங்க இருக்கிற தமிழ் ஆளு நாந்தானே. மலாய்ல எழுதிக் குடுக்கச் சொல்லி என்கிட்ட குடுத்தாங்க."

உறையிலிருந்து நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. பக்கத்தில் அவர் எழுதிய மலாய், வரிசை பிசகாத பெரிய எழுத்துகளில். தூக்கம் இல்லாதது இருந்தது. நாற்காலி இருந்தது. அதற்கடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"அது மட்டும் எழுத வரல" என்றார். "பாத்ரூம்ல விழுந்தேன்னு சொன்னியே."

எனக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் கோபப்படுவார் என்ற பயம் இல்லை. அவர் குரலில் கோபமே இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க லா. அத எழுதாதீங்க. எல்லாம் நல்லாருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, யாருக்குத் தெரியப் போவுது? பதினொரு மாசந்தான். அதுக்கப்புறம் யாருக்கு வேணாலும் சொல்லலாம்."

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எந்தக் கை?"

வலது கையை மேசைமேல் நீட்டினேன். வீக்கம் வற்றி மாதக்கணக்காகிவிட்டது, பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் இழுத்து, என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தள்ளி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சண்டை போட்ட நாட்களில்கூட இல்லை.

பிறகு பேனாவை எடுத்து, விட்ட இடத்தில் அந்த வரியை எழுதினார். வலது கை என்றும் சேர்த்தார். அடியில் தன்னுடைய படை எண்ணைப் போட்டார்.

"எண்ணெல்லாம் போடக்கூடாது. பேரு வேணாம்னுதானே சொன்னாங்க" என்றேன்.

"இது யூனிவர்சிட்டிக்கு இல்ல. நாளைக்குக் காலையில கேம்ப் டாக்டர்கிட்ட குடுக்கப் போறேன்."

"பென்ஷன்?"

அவர் தாளை மடித்து உறையில் வைத்தார்.

"நீயும் லீவு போட்டுட்டு கூட வா" என்றார். "நான் தனியா போனா, நல்லாருக்கேன் டாக்டர்னு சொல்லிட்டு வந்துருவேன்."