முனவ்வறா அடைத்து வைத்த ஜின்

முனவ்வறா நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, காற்றடைத்த ஜாக்கெட் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அது கிடாய்க்குட்டி போல முண்டுகிறது. முக்காட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, காதைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்த்து, எங்கே காற்று ஒழுகுகிறது என்று மூச்சை அடக்கிக் கேட்கிறாள். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் வருகிறது.

"ராத்தா, கொஞ்சம் நிப்பாட்டுங்க கா! குமிழி கதைக்கிறது எனக்குக் கேக்கல்ல!"

துருவல் நின்றுவிடுகிறது. மருதமுனைக் கடற்கரை வீதியில் இது எல்லோருக்கும் பழகிப் போன விஷயம்.

அவளுடைய தொழில் அபாயா தைப்பது. தையல் மெஷினில் கறுப்புத் துணி எப்போதும் பாதியில் தொங்கும். ஆனால் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குப் போகும் சுழியோடிகள் அவளைத் தேடி வருவது இந்த ஜாக்கெட்டுகளுக்காக. முதுகில் சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் காற்றுச் சட்டை இது. ஆழத்தில் கொஞ்சம் காற்றை அதனுள்ளே விட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பான். மேலே வரும்போதுதான் கவனம் வேண்டும். ஏற ஏறத் தண்ணீரின் அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று தானாகவே வீங்கும். இடது கையால் குழாயைத் தலைக்கு மேலே உயர்த்தி, பெருவிரலால் பொத்தானை அமத்தி, அதை வெளியே விட்டுக்கொண்டே வரவேண்டும். விடாவிட்டால் சட்டை ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடும். அந்த வேகத்தில் ஏறினால் இரத்தத்தில் குமிழி கட்டி நரம்பைக் கெடுத்துவிடும்.

இத்தனையும் தெரிந்த முனவ்வறா கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்தவள் அல்ல.

ஜாக்கெட்டுகளோடு அவள் பேசுவாள். "வயிறூதின மாடு மாதிரி நிக்காம, உடு, காத்த உடு." தந்தவன் நல்ல தண்ணீரில் கழுவித்தான் தந்தானா என்று அறிய அவளிடம் ஒரு வழி இருக்கிறது. வால்வை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு உள்பக்கம் திரும்பி அறிவிப்பாள்: "மச்சான், இவன் கழுவல்ல. பொய் சொல்லியிருக்கான்."

மச்சான் என்பது அவளுடைய கணவன் சப்ரி. ஜன்னலோரம் நாற்காலியில் இருப்பார். ஆறு வருடங்களுக்கு முன்பு, பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல் ஆழத்திலிருந்து ஏறும்போது அவருடைய ஜாக்கெட் காற்றை வெளியே விடவில்லை. அமத்தினார், அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. கடல் அவரைத் துப்பியது போல மேலே எறிந்தது. அன்று மாலை இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

படகுக்காரர் அப்துல் ஸமட் ஹாஜியார், "கடல் ஜின் அடிச்சிருக்கு" என்றார். ஊரும் ஆமோதித்தது. இரண்டு நாள் ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், நூல் கட்டினார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், "முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே" என்றார் டொக்டர். இப்போது சப்ரி கைத்தடியும் முனவ்வறாவின் தோளும் இருந்தால் பத்தடி நடப்பார்.

அந்த ஜாக்கெட்டை அவள் தையல் கத்தரிக்கோலால் பிரித்துப் பார்த்தாள். பொத்தானுக்குக் கீழே, கடலை அளவில், கல்லாக இறுகிய உப்பு. உப்பு யாரையும் பிடித்து ஆட்டுவதில்லை; கழுவாத இடத்தில் படிகிறது, அவ்வளவுதான். கழுவ ஒரு வாளித் தண்ணீர் போதும். அந்த ஒரு வாளியை ஊற்றாத படகுக்காரரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் ஓர் ஊரே பழி போட்டது.

முனவ்வறா அந்த உப்புக்கல்லைப் பழைய தைலப் போத்தலில் போட்டு மெஷின் மேல் வைத்திருக்கிறாள். யாராவது ஜின் கதை எடுத்தால் போத்தலைத் தூக்கிக் காட்டுவாள். "இந்தா, புடிச்சி அடச்சி வச்சிருக்கன். பயமெண்டா தள்ளி நிண்டு பாருங்க."

சப்ரிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கை தானாகத் தலைக்கு மேலே போகும். பெருவிரல் வெறும் காற்றை அமத்தும். அவருக்கே அது தெரியாது. முனவ்வறா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். "ஆக்கள் பாக்குறாங்க மச்சான்" என்பாள். ஆட்கள் இல்லாத நேரத்திலும் அதையே சொல்வாள்.

போன செவ்வாய்க்கிழமை ஹாஜியார் நேரிலேயே வந்தார். கூடவே அஸீம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மறுநாள் காலை அவன் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டிய ஜாக்கெட் முனவ்வறாவிடம் இருந்தது. காற்றுப் போக்கும் தோள் வால்வு ஒழுகுகிறது என்று யாரோ அதைப் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பொத்தானும் ஒரு தரம் விடும், இரண்டு தரம் விடாது.

"இதத் தர மாட்டன் ஹாஜியார். புது வால்வு வாங்கித் தாங்க, பூட்டித் தாறன்."

"அது கொழும்பால வரணும் புள்ள. கடல் இப்பதான் நல்லாக் கிடக்கு. இன்னம் ரெண்டு அமத்து அமத்தினாப் போகுதானே? அஸீம் பழகின ஆள். மறுகா நஸீபு, அல்லாஹ் எழுதின விதி, அது நம்மட கையிலயா கிடக்கு?"

அஸீம் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். இந்தப் படகை விட்டால் அவனுக்கு வேறு படகு இல்லை.

"சரி, நஸீபு கையில இல்ல" என்றாள் முனவ்வறா. "பொத்தான் கையில கிடக்குதானே. ஒருக்காப் போட்டுப் பாருங்க."

ஹாஜியார் சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினார். அஸீம் மாட்டிவிட்டான். முனவ்வறா நாலடி தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தாள்: "வயித்துப் பட்டிய இறுக்கு தம்பி. இன்னம். இப்ப சிலிண்டரத் திற."

சட்டை வீங்கியது. ஹாஜியாரின் தாடி இரண்டு வீக்கங்களுக்கு நடுவே புதைந்தது. பொத்தானை அமத்தினார். சின்னதாக ஒரு 'புஸ்'. அடுத்த அமத்துக்கு அதுவும் இல்லை. அவருடைய முகம் சிவந்தது.

"புள்ள... மூச்சு... அவுக்கச் சொல்லு..."

"அமத்துங்க ஹாஜியார். இன்னம் ரெண்டு அமத்துத்தானே."

பிறகுதான் அவள் அஸீமுக்குக் கண் காட்டினாள். அவன் பட்டியை அவிழ்த்தான்.

"இது கரை. அவுத்துவிட அஸீம் கிடக்கான். பன்னிரண்டு பாகத்துல யார் கிடக்கா?"

ஹாஜியார் வாசற்படியில் குந்திவிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சப்ரி இருந்த ஜன்னல் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"அண்டைக்கு சப்ரியும் இப்பிடித்தானா அமத்தின?"

"இதவிட நல்லா அமத்தினன் ஹாஜியார்" என்றார் சப்ரி.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சப்ரியே சிரித்தார். ஹாஜியார் எழுந்தார். மெஷின் மேலிருந்த தைலப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

"வால்வு வரட்டும்" என்றார் அஸீமிடம். "அதுமட்டும் கடலுக்கு வேணாம். கரையில ஐஸ் வாடியில வேலைக்கு நில்லு, கூலி நாளுக்கு நாள் தாறன்."

இருவரும் போனார்கள். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முனவ்வறா கைத்தடியைக் கொடுத்து, தோளைக் கொடுத்தாள். "ஒழும்புங்க மச்சான்."

சப்ரி எழுந்தார். இடது கை மெதுவாகத் தலைக்கு மேலே போயிற்று. பெருவிரல் அமத்தியது.

முனவ்வறா அந்தக் கையை இறக்கவில்லை. அவருடைய காதருகே உதடுகளைக் குவித்து, "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்று, விரல் தளரும்வரை காற்றை விட்டாள்.