அருவிக்கு மேல் நின்ற வானவில்

பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்ப மாட்டேன்.

போன சாரல் சீசனில் மனைவி செல்வியையும் மகள் யாழினியையும் கூட்டிக்கொண்டு பழைய குற்றாலம் போயிருந்தேன். வழியெல்லாம் மகளுக்குப் பாடம். காற்று கேரளத்துப் பக்கம் மலையேறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும், மிஞ்சிய பொடித்துளிகளைக் கணவாய் வழியாக நம் பக்கம் தள்ளும், அதுதான் வெயிலிலும் தூறுகிறது என்றேன். அவள் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

மூன்றரை மணி இருக்கும். இருவரும் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார்கள், நான் எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்திருந்தேன். தலையைத் தூக்கினால் அருவிக்கு மேலே வானவில். சூரியனும் அதே பக்கம்தான், மலை உச்சிக்கு மேலே. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் வானவில் தெரியும், இருபது வருடமாக நான் போர்டில் வரைகிற படம் அது. சூரியனைச் சுற்றி வரும் வளையமோ என்று பார்த்தேன். அதில் சிவப்பு உள்ளே இருக்கும், இதில் வெளியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகை நான் பார்த்ததே இல்லை, கண் கலங்கிவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடினேன்.

"சார், பாதி முதுகு கெடக்கு, எங்கன போறிய?" என்றார் எண்ணெய்க்காரர்.

பெண்கள் பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். செல்விக்கு மானம் போயிற்று. "பொம்பளைய குளிக்கிற எடத்துல வந்து ஏன் நிக்கிய? வானவில்லுக்காவா அருவிய விட்டுட்டு வரச் சொல்லுதிய?" என்று திட்டிக்கொண்டேதான் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள், திட்டு நின்றது. அதைப் பார்த்து மற்றவர்களும், ஆண்கள் பக்கம் இருந்தவர்களும்கூட, என்ன ஏதென்று ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள்.

அப்போதுதான் அருவியின் சத்தம் மாறியது. செம்மண் நிறத்தில் வெள்ளம் கல்லும் கிளையுமாக இறங்கியது. சற்று முன்வரை யாழினி பிடித்துக்கொண்டு குளித்த கம்பியைக் காணோம். செல்வி என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

வெள்ளத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மேகம் நகராமல் நின்று கொட்டியிருக்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் வெள்ளம் வருவதற்கு முன்னால் அவர்கள் இருவரையும் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் மலை இருக்கிறது, எதிரே சூரியன் இருக்கிறது, வானவில்லும் இருக்கிறது. நிழல்கள் எங்களை நோக்கித்தானே விழ வேண்டும்? எங்கள் மூன்று பேர் நிழலும் அருவியைப் பார்த்து நீண்டு கிடக்கின்றன. எங்களுக்குப் பின்னால் சூரியனைவிட வெளிச்சமாக ஏதோ நின்றிருக்கிறது. நாங்கள் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.