கிணற்று மேட்டில் குவித்த பன்றி எரு

காடாம்புலியூரில் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் ஒரே கிணறு; மச்சான் வீட்டுக்குக் குடிதண்ணீரும் அதுதான். இரண்டு வருடம் முன்பு ஆவணியில், கத்தரிக்காக ஒரு வண்டி பன்றி எரு வாங்கினேன். மக்கவிட்டுப் போடச் சொன்னார் விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவக். நான் கேட்கவில்லை. மாடு கட்டி இறைக்கும் கவலைத் தண்ணீரே கரைத்துப் பாத்திக்குக் கொண்டுபோகட்டும் என்று, பச்சை எருவைக் கிணற்று மேட்டு வாய்க்காலிலேயே குவித்தேன். அன்று அடித்த மழையில் பாதி எரு கிணற்றுக்குள் இறங்கியதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மச்சான் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "எம் பொண்ணு பேதியாயி கடலூர் ஆஸ்பத்திரில கெடக்கறா! கெணத்துல என்னாடா கலந்த?"

வீண்பழி என்ற ஆத்திரத்தில் அவரை அறைந்தேன். அவர் ஓங்கி வெட்டினார். நான் விலகியதால் மண்வெட்டி என் தோளைக் கிழித்துக்கொண்டு எருவில் புதைந்தது. அவர் கழுத்தை நெரித்துக் கிணற்று விளிம்புவரை தள்ளிப் போனேன். அப்போதுதான் உள்ளே பார்த்தேன். தண்ணீர் கறுத்து நுரைத்திருந்தது. அவர் கழுத்தை விட்டேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். கிணற்றை இறைத்துச் சேறெடுத்தோம். இப்போதெல்லாம் எருவைத் தொலைவில் குழிவெட்டிச் சருகும் மண்ணும் போட்டு மூடி, ஆறு மாதம் மக்கிய பிறகே உழவில் இடுகிறேன்.

ஒவ்வொரு மழைக்கு மறுநாளும் முதல் வாளித் தண்ணீரில் மொண்டு மச்சான் எதிரில் நான்தான் குடிக்கிறேன். "குடிச்சிட்டு இரு மாப்ள, நாளைக்குப் பாக்கலாம்" என்று வெறுங்குடத்தோடு திரும்பிப் போகிறார்.