மஞ்சள் தண்ணீரில் அழித்த தடம்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தேவாரம் பாடத் தெரியும், வாதாடத் தெரியாது. ஆனால் தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில் என் மனைவி "வடிகானில் சறுக்கி விழுந்தாள்" என்று இருப்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையில், முனியாண்டி கல்லுக்கு விளக்கு வைக்க இருவரும் பட்டப்பகலில் ஏறினோம். மாதக்கணக்காகத் துப்புரவு செய்யாத மலை. மானாப்புல் தேயிலைக்கு மேல் நின்றது. ராத்திரி வந்துபோனவற்றின் அடையாளம் வழியெல்லாம் கிடந்தது: பன்றி கிளறிய மண், முள்ளம்பன்றி முள் ஒன்று, நாய் மயிரோடு காய்ந்த விட்டை. கல்லுக்கு முன்னால், ஈர மண்ணில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம்.

"என்னங்க, இது நாயில்ல, சிறுத்தை. நகமே பதியல," என்றாள். "நாளைக்கு எங்களுக்கு இந்த மலையிலதான் கொழுந்து பறிக்கிற வேல."

முனி சந்நிதியிலேயே வந்து நின்றிருக்கிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினேன். அவளைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். அந்தப் புத்தி ஏன் வந்ததோ!

பிறகுதான் இறங்கிப்போய், தடத்தைக் காட்டக் கங்காணியைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்தது சிவந்த சேறு மட்டும்.

"சாமியா, சிறுத்தையா? ஒண்ணச் சொல்லுங்கண்ணே. சாமின்னா தேங்கா ஒடைப்போம். சிறுத்தைன்னா கால் தடத்தக் காட்டுங்க."

"வழியில விட்டை கெடக்கு, வந்து பாருங்க."

"அதுக்கும் பொட்டு வச்சிட்டீங்களா?"

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும், அந்த மலைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றாள் மனைவி.

"அப்ப வீட்லயே இருந்து பூசை பண்ணும்மா. இன்னைக்குச் சம்பளம் இல்ல," என்றார் கங்காணி. அந்த மலைக்கே போனாள்.

பத்து மணிக்கு, செடிக்கடியில் படுத்திருந்தது பாய்ந்தது. முதுகில் தொங்கிய கூடைதான் கழுத்தைக் காத்தது. வலது தோள் போனது. இப்போதும் அந்தக் கையைத் தூக்கித் திருநீறு பூச அவளால் முடியாது, நான்தான் பூசிவிடுகிறேன்.

ஆபீஸில் சறுக்கியதாக எழுதினார்கள். சிறுத்தை என்று எழுதினால் மலையைத் துப்புரவு செய்ய வேண்டுமே!

இதை இன்னொருவரிடம் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். சறுக்கி விழுந்தாள் என்று ஆக்காதீர்கள். சாமி சோதித்தது என்றும் ஆக்காதீர்கள். தடத்தை அழித்தது நான். அதையும் விட்டுவிடாதீர்கள்.