மாமிக்கு ஒரு கைத்தறிச் சேலை

கல்யாணம் முடித்து மூன்றாவது வருடம்தான் என் கணவரின் பெற்றோரைப் பார்க்கப் போனேன். அவர்கள் இந்தியாவில், மதுரைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தார்கள். இலங்கையில் எங்கள் ஊரான கல்முனையின் பஸாரில் துணிக்கடை வைத்திருந்த தன் மாமாவுக்கு உதவியாக வந்தவர் என் கணவர். வந்த இடத்தில் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார். ‘ஆமா’ போய் ‘ஓம்’ வந்தது. என்னைப் பெற்ற வாப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்கு அவருடைய பக்கத்திலிருந்து கடைக்கார மாமா மட்டும்தான் நின்றார். பெற்றோர் வராதது எங்கள் எல்லோருக்கும் ஒரு குறைதான்.

அதனால், பயணம் முடிவானதும் வீட்டில் ஒரே பேச்சு, என்னத்தைக் கொண்டுபோவது என்பதுதான்.

உம்மா தேங்காய்ப்பால் விட்டு இனிப்புத் தொதல் கிண்டித் தருகிறேன் என்றா. வழி வெயிலில் அது எண்ணெய் கக்கிவிடும் என்றார் வாப்பா. உம்மாவின் தங்கை சாச்சி, ஜப்பான் நைலக்ஸ் சேலைதான் சரி என்று நின்றா. அந்த நாட்களில் கொழும்பில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவிந்திருந்தன. இந்தியாவில் அவற்றைக் கண்ணால் காண முடியாது என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள்.

நான் கேட்கவில்லை. “மாமி முதல்முதல் என்ட கையால வாங்கிற சாமான் எங்கட ஊர்ச் சாமானா இருக்கணும்” என்றேன்.

பக்கத்து ஊரான மருதமுனைக்குப் போய், தறி ஓடுகிற வீடுகளில் ஏறி இறங்கினேன். மாமியின் நிறம் எனக்குத் தெரியாது. “உன்னை மாதிரித்தான் இருப்பா” என்று மட்டும் என் கணவர் தன் தாயைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒரு வீட்டில் கரும்பச்சை நிறத்தில், மஞ்சள் கரை வைத்த ஒரு சேலை தறியிலேயே கிடந்தது. அதை என் கையில் போட்டுப் பார்த்தேன். என் கைக்கு நன்றாக இருந்தது. நெய்து முடியும்வரை காத்திருந்து வாங்கி வந்தேன். மாமனாருக்கு அதே வீட்டில் ஒரு சாரன் எடுத்தேன்.

என் கணவருக்குத் திருப்தியில்லை. “சேலையோட போய் நிக்க ஏலாது. எல்லாரும் பாக்கிற மாதிரி ஒண்டு வேணும். கேசட் போடுற ரேடியோ ஒண்டு கொண்டுபோவம்” என்றார். என்னிடம் இதைச் சொன்னவர், வாப்பாவிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, உம்மா மூலம் கேட்டார். அந்தப் போகத்து நெல்லை விற்றுவிட்டு வாப்பா கொழும்புக்குப் போய் ஒரு பெரிய ஜப்பான் ரேடியோ வாங்கிவந்தார். “மாப்பிள கேட்டா வாங்கிக் குடுக்கத்தானே வேணும்” என்றார், அவ்வளவுதான்.

தலைமன்னாரில் கப்பலேறினோம். ராமேஸ்வரத்தில் சுங்கக்காரர்கள் ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். எனக்கு வழியெல்லாம் வாந்தி. என் வயிற்றில் மகள் இருந்தாள் என்பது அப்போது எனக்கே தெரியாது.

மாமி வாசலில் நின்று என் முகத்தைப் பிடித்து முத்தமிட்டார். உண்மையாகவே என் நிறம்தான். அந்த ஒரு நாள் நான் சந்தோசமாக இருந்தேன். சேலையை அவர் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார், கரையைத் தடவினார், “கைத்தறியா? கனமா இருக்கே. பெருநாளைக்குக் கட்டிக்கிறேன்” என்றார். மாமனார் சாரனை அப்போதே உடுத்திக்கொண்டு வந்து நின்றார். “கைலி நல்லாருக்கும்மா” என்றார். அவருக்கு இழுப்பு வருத்தம். ஒரு வசனம் பேசி முடிக்க இரண்டு தரம் மூச்சு வாங்குவார்.

பின்னேரம் அக்கம்பக்கத்தவர்கள் ரேடியோவைப் பார்க்க வந்தார்கள். யாரோ விலை கேட்டார்கள். “சிலோன்ல நம்ம கடைக்குப் பக்கத்துலயே கிடைக்கும். நான்தான் பாத்து வாங்கினேன்” என்றார் என் கணவர். நம்ம கடை என்றதையும் கேட்டேன், நான்தான் என்றதையும் கேட்டேன். பெற்றோர் முன்னால் ஒரு ஆம்பிளை கொஞ்சம் உயரமாக நிற்க ஆசைப்படுவதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஊர் வந்து இறங்கியதிலிருந்து அவர் எங்கள் தமிழை மறந்துபோயிருந்தார். என்னோடுகூட அவருடைய ஊர்த் தமிழில்தான் பேசினார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மாமனார் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இந்த வீட்டைப் பெரியவன் பேருக்கே எழுதிட்டோம்மா. சின்னவனுக்குத்தான் அங்க வீடு இருக்கே. ரெண்டு ரூம் வச்சு, சிமெண்டு தரை போட்டு, கிணறு வெட்டிக் கட்டியிருக்கானாமே.”

மாமி சிரித்துக்கொண்டு, “மருமவ வாசல்ல ரோசாச் செடி கேட்டான்னு அதையும் வச்சுக் குடுத்திருக்கானாம்” என்றார். “இவருக்கு இந்த ஊர்ப் புழுதி ஆகலை. வர்ற வருசம் நாங்களும் அங்க வந்து, மகன் கட்டுன வீட்டுல ஒரு மூலையில இருந்துக்கலாம்னு பாக்குறோம்.”

அது என் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை, வாப்பாவும் அப்படித்தான் உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். ரோசாச் செடியை நட்டது நான். அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. வயதான இரண்டு பேர் வந்து எங்களோடு இருக்க ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் மனதில் பட்டது.

“கட்டாயம் வாங்க மாமி” என்றேன். “அது எங்கட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. எங்கட ஊரில அப்படித்தான். வாப்பாவும் உம்மாவும் பக்கத்து வளவுக்குள்ளதான் இரிக்காங்க. ஒங்களக் கண்டா அவங்களுக்குச் சந்தோசம்.”

 மாமனாரின் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்ப என் மகன் உங்க வீட்டுலயா இருக்கான்?” என்று கேட்டார் மாமி.

“ஓம்” என்றேன்.

மாமி தன் மகனைப் பார்த்தார். அவர் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.  மூத்த மகனின் மனைவி சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே எழுந்து போனா. அந்த ஊரில் பெண்டாட்டி வீட்டில் போய் இருக்கிற ஆம்பிளைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை அவவுடைய சிரிப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு என்னோடு யாரும் சண்டை போடவில்லை. சோறு போட்டார்கள், படுக்கப் பாய் தந்தார்கள். அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

“ஒங்கட உம்மா வாப்பாட்ட நான் பொய் சொல்லணுமா?”

“பொய் சொல்லச் சொல்லலை. சும்மா இருந்திருக்கலாம்.”

சும்மா இருந்திருந்தால் அடுத்த வருடம் அவர்கள் பெட்டியோடு வந்து இறங்கியிருப்பார்கள். அப்போது பக்கத்து வளவில் இருக்கிற வாப்பாவை யார் என்று என் கணவர் சொல்லியிருப்பார்? அதைக் கேட்டேன். அவர் பாயில் மறுபக்கம் புரண்டு படுத்தார். மருதமுனையில் நான் வீடு வீடாக ஏறி இறங்கிய நாட்களுக்கு முன்பே, அவர் தன் பெற்றோருக்கு என் வீட்டைப் பரிசாகக் கொடுத்து முடித்திருந்தார். அதற்கு முன்னால் என் சேலை எம்மாத்திரம்.

புறப்படுகிற அன்று காலை மாமி அந்தச் சேலையை மடிப்புக் குலையாமல் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.

“நீயே வச்சுக்கம்மா. என் மகனையும் நீதானே வச்சிருக்க.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவருடைய பக்கத்தில் நியாயம் இல்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. இருந்த ஒரே வீட்டை மூத்தவருக்கு எழுதிவிட்டார்கள், இளையவரின் வீடு ஒரு பேச்சாகவே போய்விட்டது. ஆனால் அந்தப் பேச்சைப் பேசியவரை அவர் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டது என்னிடம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என் கணவர் வாப்பாவோடு ஒரே சகன் தட்டில் சேர்ந்து சாப்பிடுவதை விட்டார். கடையில் வேலை கூடிப்போச்சு என்று அங்கேயே படுத்துக்கொள்வார். மகள் பிறந்தபோது வந்து காதில் பாங்கு சொன்னார், ஒரு கிழமை வீட்டில் தங்கினார். பிறகு மாமனாருக்கு இழுப்பு வருத்தம் கடுமை என்று தந்தி வந்தது. “போயிட்டு வாறன்” என்றார். எங்கள் தமிழில் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நாட்டில் கலவரம் வந்தது. கப்பல் நின்றுபோனது. கப்பல் இல்லாததால்தான் மனிசன் வரவில்லை என்று ஊரார் எனக்காகச் சொல்லிக்கொண்டார்கள். நானும் கொஞ்சக் காலம் அதையே சொன்னேன். கொழும்பிலிருந்து விமானம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் கடைக்கார மாமா ஒருநாள் வந்து, படியில் ஏறாமல் முற்றத்திலேயே நின்று, அவர் அங்கே சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்துவிட்டார் என்று சொன்னார். அண்ணனிடம் சண்டைபோட்டு வீட்டில் பாதியைப் பிரித்து வாங்கிவிட்டாராம். இப்போது அதில்தான் இருக்கிறாராம்.

“இதுக்கெல்லாம் நீ மாமிட்ட சொன்ன அந்த ஒரு வார்த்தைதானே மகள்” என்று சாச்சி அழுதா. நான் சாச்சியோடு மூன்று மாதம் கதைக்கவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், வாப்பாவைக் கூட்டிக்கொண்டு காதியாரிடம் போய், கல்யாணத்தை முறித்துத் தரச் சொல்லி ஃபஸ்கு கேட்டேன். காதியார் நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

“வீட்டில ஏதும் பிரச்சினை இரிந்ததா?”

“வீடு என்ட பேரில இரிந்தது” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டார். வாப்பா குறுக்கிட்டு, “அவர் வாறல்ல, செலவுக்குத் தாறல்ல, அங்க வேற முடிச்சிட்டார். அதை எழுதுங்க” என்றார். அதுதான் எழுதப்பட்டது.

வெளியே வந்து நடந்தோம். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தபிறகு வாப்பா, “நான் அந்த வீட்ட ரெண்டு பேர்ட பேருக்கும் எழுதியிருந்தா சரியா இரிந்திருக்குமா புள்ள?” என்று கேட்டார்.

“இல்ல வாப்பா” என்றேன். அவர் நம்பவில்லை. வருகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.