நாய்க்கு வீடு பார்க்க வந்தவர்கள்

டீச்சர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது என் வேலை. வாரத்தில் மூன்று நாள். குறுணை அரிசி, பூசணிக்காய், கோழிக்கால் எல்லாம் ஒன்றாகக் குழைய வேக வேண்டும். உப்பும் வெங்காயமும் சேர்க்கக் கூடாது. எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு ரிட்டயர் ஆனவளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

டீச்சர் என் மகளுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மலையூர் தேவாலாவிலேயே தங்கிவிட்டார். யாரும் வேண்டாம் என்று விட்ட நாய்களை எடுத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். அவரோடு நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். பஜாரில் மருந்துக்கடை வைத்திருப்பவர்தான் ஜீப் ஓட்டுவார். ஒருநாள் டீச்சர் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "கஞ்சி காய்ச்ச ஒரு ஆள் வேணுமுங்க, வாரீங்களா?" என்றார். அங்கே மனிதர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. நாய்களிடம் அந்த வெட்கம் இல்லை.

போன மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு வேன் வந்தது. கீழே சமவெளியில் ஒருவர் பழைய கோழிப்பண்ணையில் குட்டி வியாபாரம் நடத்தியிருக்கிறார். எல்லாம் சின்ன ஜாதி நாய்கள். குட்டிகளைப் போனில் படம் காட்டி விற்பது, தாய்களைக் கோழிக்கூண்டிலேயே வைத்து மறுபடி மறுபடி குட்டி போட வைப்பது. அதிகாரிகள் வந்து கொட்டகையைத் திறந்ததும் டீச்சரைப் போன்ற பல ஊர்க்காரர்கள் நாய்களைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்பது வந்தன.

அதில் ஒன்று வெள்ளைப் பொமரேனியன். வெள்ளை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எனக்குத் தரை துடைத்த துணியின் நிறம்தான் தெரிந்தது. முன்பற்கள் இல்லை. வயிறு தொங்கிப் போயிருந்தது. கம்பியின் மேலேயே நின்று நின்று கால்விரல்கள் அகன்றுவிட்டன. மற்றவர்கள் ஆசையாக அதைத் தூக்கிப் புல்லில் விட்டார்கள். அது சுடுமணலில் நிற்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நின்றது. பிறகு அப்படியே படுத்து நடுங்கியது. தரை என்ற ஒன்றை அது அதுவரை மிதித்ததே இல்லை.

நான் ஒரு சாக்கை மடித்துக் கொட்டகைக்குள் போட்டு அதன்மேல் அதை உட்கார வைத்தேன். மறுநாள் சாக்கை வாசல்பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன். அதற்கடுத்த முறை இன்னொரு சாண். நான் போகாத நாட்களில் டீச்சர் நகர்த்தினார். சாக்கு முழுதும் புல்லுக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் நான் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தபோது என் காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. திரும்பிப் பார்த்தால் சாக்கு அங்கே இருக்கிறது, நாய் இங்கே இருக்கிறது. டீச்சர் வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. "என்ன புள்ள, வந்துட்டியா?" என்றேன். அன்றிலிருந்து 'புள்ள' என்றால் திரும்பும்.

மற்ற எட்டுக்கும் வீடு கிடைத்துவிட்டது. ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கார்களில் வந்து வாங்கிப் போனார்கள். இதை எல்லோரும் பார்ப்பார்கள், பல் இல்லாததைப் பார்ப்பார்கள், அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதற்குள் இன்னொரு வேன் வரப்போவதாகச் செய்தி வந்தது. இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் புள்ளையைக் கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று டீச்சர் வருத்தமாகச் சொன்னார். அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்களாம். ஆனால் ஏகப்பட்ட நாய்கள், அதனால் கூண்டில்தான் இருக்கும்.

சாண் சாணாக வெளியே கொண்டுவந்ததைத் திரும்பக் கம்பிக்குள் அனுப்புவதா? நானே வளர்க்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நாய் வாங்குகிறவர்களுக்கு நாலு பக்க விண்ணப்பப் பாரம் ஒன்று உண்டு. சொந்த வீடா, காம்பவுண்டுச் சுவர் உண்டா, நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கும். எங்களுடையது எஸ்டேட் லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம். மகள் எஸ்டேட்டில் வேலையில் இருப்பதால் அந்த வீடு எங்களுக்கு. சுவர் ஏது?

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதை ஏம்மா எங்கிட்டச் சொல்ற? அந்த டீச்சர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று பட்டது. அடுத்த தடவை ஒரு பாரத்தை எடுத்து வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு என் எழுத்து மோசமில்லை. சொந்த வீடு இல்லை. சுவர் இல்லை. தனியாக இருக்கும் நேரம்: நான் கஞ்சி காய்ச்ச வரும் நாட்களில் ஐந்து மணி நேரம். பொய் எழுதவில்லை. அதை டீச்சரின் மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

சிறிது நேரத்தில் டீச்சர் காகிதமும் கையுமாக வந்தார். "ஏனுங்க, இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளாச்சுங்களா உங்களுக்கு?" என்று சிரித்தார். பிறகு, "ஆனா ஊடு பாக்காம யாருக்கும் குடுக்கறதில்லீங்க. எங்க அக்கா கேட்டப்பவும் போய்ப் பாத்துட்டுத்தான் குடுத்தனுங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாரமுங்க" என்றார்.

தண்ணீர்க் குழாயடியில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட மூத்தவள், சிலோன் தோட்டத்தில் பிறந்து கப்பலேறி வந்தவள். வாய் நீளம். "நாய்க்கு வீடு பார்க்க ஜீப்புல வாராங்களா? என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவனே பஸ்ஸுலதாண்டி வந்தான்!" என்றாள். குழாயடியே சிரித்தது. நான் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். "கொஞ்சம் சுத்தபத்தமா, சத்தமில்லாம இருந்தாப் போதும்."

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் லைனில் மேலிடத்து ஆட்கள் பார்வையிட வந்தால், எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் மரியாதை. எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து வந்த பழக்கம். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தால் மரியாதை தெரியாத லைன் என்று பேராகிவிடும். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லைனைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. வாய்க்கால் கழுவி, வாசல் கூட்டி, கோழிகளைக் கூடைக்கடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதுதான் தாமதம், வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் இறங்கியபோது வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. மகளும் வேலைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் எங்கள் வாசலில் நின்றேன்.

டீச்சர் உள்ளே வந்து நான் சாக்கு விரித்து வைத்திருந்த மூலையைப் பார்த்தார். திருப்திதான். வெளியே வந்து லைனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"பகல்ல இங்க யாருமே இருக்கமாட்டாங்களாங்க?"

நான் இல்லை என்பதுபோலத் தலையாட்டினேன். யாருமே இல்லாமல் இல்லை என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. அவருக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது.

மருந்துக்கடைக்காரருக்குத் தமிழில் மலையாளம் கலந்து வரும். "சேச்சி, அஞ்சு மணிக்கூர் ஒத்தைக்கு இருந்தா அது பயந்து பேடிச்சுப் போகும் கேட்டோ. கூண்டுல இருந்த நாயி. மூணு மணிக்கூருக்கு மேல விடப் பாடில்லைன்னு நம்மளே எழுதி வச்சிருக்கு."

"உங்களுக்குக் குடுக்கோணும்னு எனக்கு ஆசைதானுங்க," என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "பக்கத்துல யாராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சுத்தான் வந்தனுங்க. ஆனா எல்லாத்துக்கும் ஒரே சட்டம்தானுங்களே." பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

இது தனியாக இருக்கும் இடமே இல்லை என்று சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை. அவர்கள் ஜீப்பை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கொழுந்துக் காட்டில் பனி இறங்கிப் பக்கத்து ஆள் தெரியாமல் போனால் நாங்கள் ஒரு குரல் கொடுப்போம். யானை நடமாடும் மலை. ஒருத்தி "யாரு இருக்கா?" என்று கூப்பிட்டால், காதில் விழுந்த ஒவ்வொருத்தியும் "நானிருக்கேன்" என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். பதில் வராத பக்கம் எல்லோரும் ஓடுவோம். சண்டைக்காரியாக இருந்தாலும் அந்தக் குரலுக்குப் பேசாமல் இருக்கமாட்டாள். நான் அப்போதெல்லாம் பதில் கொடுத்ததோடு சரி. முதல் குரல் கொடுத்ததில்லை.

லைனின் நடுவில் போய் நின்று, கையை வாய்க்குக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"யாரு இருக்கா?"

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. "நானிருக்கேன்! என்னாடி, ஆனையா?" அக்காதான், கையில் விளக்குமாற்றோடு.

"நானிருக்கேன்" என்று மூன்றாம் வீட்டிலிருந்து கர்ப்பிணிப் பெண் வந்தாள். பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு, "நானும்தான் இருக்கேன், என்ன ஆச்சு?" என்று வந்தார். அந்தக் கோடியிலிருந்து இருமிக்கொண்டே ஒரு "நானிருக்கேன்" வந்தது. ஆறு கதவு திறந்துவிட்டது. ஒரு கூடை சாய்ந்து கோழிகளும் வெளியே வந்தன.

இவ்வளவு பேரைக் கூப்பிட்டுவிட்ட பிறகு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? டீச்சரைப் பார்த்துச் சொன்னேன். "எங்க மக ரெண்டு வயசுல இருந்து இந்த வாசல்லதாங்க வளந்தா. நான் மலைக்குப் போயிருவேன். ஒருநாளும் தனியா இருந்ததில்லீங்க. பாரத்துல நான் இல்லாத நேரத்தத்தான் எழுதினேன். நாயி தனியா இருக்கற நேரம் இங்க கிடையாதுங்க."

"அப்புறம் ஏனுங்க எல்லாரும் கதவச் சாத்திட்டு இருந்தீங்க?"

"ஆளுங்க பார்க்க வந்தா சாத்தாம?" என்றாள் அக்கா. "நாங்க என்ன மரியாதை தெரியாதவுங்களா?"

மருந்துக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரிப்பை அடக்கி, அக்காவிடமே கேட்டார். "இங்க சிறுத்தை வருமுங்களா?"

"வராம என்ன? போன மாசம்கூட தெரு நாய் ஒண்ண இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போச்சு."

உண்மையை மறைக்கத் தெரியாத அக்கா. ஆனால் இந்த முறை என் வாய் அடைக்கவில்லை. "அது வெளிய கெடந்த நாயிங்க. இது நாலு மணிக்கே உள்ள வந்துரும். பொழுது போனா வாசலுக்குக்கூட நான் கையில தூக்கிட்டுத்தான் வருவேன். காம்பவுண்டுச் சுவர் சிறுத்தைக்கு ஒரு தாவுதானுங்க. கதவைத்தான் அதால திறக்க முடியாது."

டீச்சர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் எழுதிய 'ஐந்து மணி நேரம்' என்பதை அடித்துவிட்டு, மேலே ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இல்லை' என்றிருந்தது. ஜீப்பின் முன்பலகையில் வைத்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

சனிக்கிழமை மாலை புள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். சிமெண்டுத் தரையில் முதலில் காலைத் தூக்கித் தூக்கித்தான் நின்றாள். லைனே வந்து பார்த்தது. "இதுக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டுத் தலைகாணி இதவிட அழகு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அங்கேயே சாக்குக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை நான் கஞ்சி காய்ச்சக் கிளம்ப வேண்டும். புள்ள பின்னாலேயே வந்து அழுதால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் அக்கா யாரையோ திட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டதும் காதைத் தூக்கினாள். அகன்ற விரல்களால் தரையைத் தட்டித் தட்டி நடந்து அந்த வீட்டுக்குள் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பஸ்ஸைப் பிடித்தேன். புது வேன் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டதாம். ஏழு நாய்கள். பெரிய சட்டியை எடுக்க வேண்டும்.